நடுவில் ஒரு ப்

அடுத்தவர் வண்டியில் சாவியால் கீறுகிறவன் கீறிவிட்டு ஓடுவான். எல்லா ஊரிலும் அதுதான் வழக்கம். கீறிவிட்டுத் தெருமுனை வரை போய், எழுத்துப்பிழை ஞாபகம் வந்து, திரும்பி வந்து திருத்திவிட்டுப் போன ஆள் நம் ஒற்றர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

ஒற்றர் என்றதும் வேவு பார்க்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். அச்சகத்தில் முப்பத்தொரு வருடமாகப் பிழை திருத்துகிறவர். பள்ளிக் கையேடோ சங்கத்து ஆண்டறிக்கையோ எது வந்தாலும், க், ச், த், ப் என்று புள்ளி வைத்த எழுத்து ஒன்று விட்டுப்போயிருந்தால் சிவப்புப் பேனாவோடு பாய்ந்துவிடுவார். ஒற்று எங்கே, ஒற்று எங்கே என்று அவர் எல்லார் உயிரையும் எடுத்ததில், எந்திரம் ஓட்டுகிறவர்கள் ஒற்றர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

நடந்தது இதுதான். ஒரு மத்தியானம், வெயிலுக்குப் பயந்து தெருவே கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரம். அவருடைய மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பயிற்சிப் பள்ளி என்று பெயர்தான் பெரிது. ஒரு வெள்ளைக் கார், அதன் கூரையில் ‘பயிலுநர்’ என்று ஒரு பலகை, சொல்லிக்கொடுக்கிறவர் காலடியில் கூடுதலாக ஒரு பிரேக், மொத்தப் பள்ளியும் அவ்வளவுதான். அந்தக் கார் அவன் வீட்டு வாசலில் நின்றது. ஒற்றர் தன் மேசை இழுப்பறைச் சாவியை எடுத்து, பின்கதவில் ‘திருட்டு பயல்’ என்று ஒரு சாண் உயரத்துக்குக் கீறினார். ஒருவரும் பார்க்கவில்லை. விறுவிறுவென்று தெருமுனைக்குப் போனார். அங்கே கால் நின்றுவிட்டது. திருட்டு, பயல். நடுவில் ப் எங்கே?

வேறு யாராக இருந்தாலும் போனால் போகட்டும் என்று பஸ் ஏறியிருப்பார்கள். இவருக்குக் கோபம் கண்ணை மறைத்ததே தவிர அந்தப் புள்ளியை மறைக்கவில்லை. திரும்பி வந்தார். அச்சுப்படியில் போடுவது போலவே இரண்டு சொல்லுக்கும் நடுவே கீழிருந்து ஒரு கூரைக் குறி போட்டார். அதற்கு மேலே சின்னதாக ஒரு ப் எழுதி, தலையில் புள்ளியும் வைத்தார். வைத்தவர் சும்மா போனாரா? ஓரடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்து, சரியாக வந்திருக்கிறதா என்று வேறு பார்த்தார். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த நர்ஸம்மா அந்தத் தலைச்சாய்ப்பைத்தான் செல்போனில் படம் பிடித்தார்.

அவ்வளவு கோபம் எதற்கு என்றால், ஒரு நோட்டுக்காக. இருபத்தெட்டு வருடமாகக் கண்ணில் பட்ட பிழைகளை எல்லாம் தேதி போட்டு ஒற்றர் ஒரு தடித்த நோட்டில் எழுதிவைத்திருந்தார். வீட்டில் அதற்குத் ‘தப்பு நோட்டு’ என்று பெயர். ஓய்வு பெற்றதும் அதைப் புத்தகமாகப் போடப்போவதாக ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். கேட்டுக் கேட்டு மனைவிக்குக் காது புளித்துப்போயிருந்தது. கீறலுக்கு மூன்று வாரம் முன்னால்தான் வீடு மாற்றினார்கள். மைத்துனன்தான் இரண்டு நாள் வகுப்பை நிறுத்திவிட்டு, அந்தக் காரிலேயே ஏழு நடை சாமான் ஏற்றி வந்தான். புது வீட்டில் எல்லாம் வந்து சேர்ந்தது, தப்பு நோட்டு வரவில்லை.

இரண்டு வாரம் தேடினார். அந்தச் சமயம் பார்த்து ஒரு வாரப் பத்திரிகையில் ‘வாரம் ஒரு பிழை’ என்று ஒரு பகுதி தொடங்கியது. முதல் வாரமே ஓர் ஆஸ்பத்திரிக் கதவில் எழுதியிருந்த ‘வெளியே செல்லும் வலி’. ஒற்றருக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. அது அவர் நோட்டில் நாற்பத்தோராம் பக்கம். அந்தப் பத்திரிகை ஆசிரியர் யாரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார்? மைத்துனனிடம். போதாதா? அந்தக் கதவு வழியாக ஊரே போய் வருகிறது, கண் இருக்கிற எவனும் அதைப் படிக்கலாம் என்பது அப்போது அவர் புத்திக்கு எட்டவில்லை. இரண்டையும் இரண்டையும் கூட்டி இருபத்திரண்டு என்று முடிவு கட்டிக்கொண்டு, மறுநாள் மத்தியானமே சாவியோடு கிளம்பிவிட்டார்.

கீறிய மூன்றாம் நாள், அலமாரியைத் துடைக்க ஒரு கந்தல் எடுத்து வரச் சொன்னாள் மனைவி. அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளில் ஒன்றின் மேல் ‘சமையலறைத் துணிகள்’ என்று எழுதியிருந்தது. அவர் கையெழுத்துதான், முத்து முத்தாக. நடுவில் த் கூடச் சரியாக இருந்தது. திறந்தார். மேலே இரண்டு கைப்பிடித் துணி, அதற்குக் கீழே தப்பு நோட்டு.

அவரேதான் வைத்திருக்கிறார். நசுங்காமல் இருக்கட்டும் என்று துணிக்கு நடுவில் பத்திரமாக வைத்து, பெட்டியின் மேல் அழகாக எழுதி, அதோடு மறந்தும் போயிருக்கிறார். வெட்கம் என்றால் என்ன என்று ஐம்பத்தாறு வயதில் அன்றைக்குத்தான் தெரிந்தது. காது மடல் சுட்டது. அந்த நிமிடமே எழுந்து போய் மைத்துனன் கையைப் பிடித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மனிதர் என்ன செய்தார்? நோட்டை மறுபடி துணிக்கு அடியில் வைத்து, பழுப்பு டேப்பை எடுத்து மூன்று சுற்று ஒட்டி, பெட்டியைப் பரணில் தூக்கி வைத்துவிட்டு வந்தார்.

“துணி எங்க?” என்றாள் மனைவி.

“அதுல ஒண்ணும் இல்ல. எல்லாம் மக்கிப்போச்சு” என்றார்.

அதற்குள் விஷயம் போலீசுக்குப் போயிருந்தது. மைத்துனன் புகார் கொடுத்தபோது கீறியது யார் என்று அவனுக்குத் தெரியாது. நர்ஸம்மாவின் படத்தைக் காட்டினார்களாம். பார்த்தவன், “இது எங்க அத்தான்” என்று சொல்லிவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டானாம். அன்று சாயங்காலம் அக்காளுக்குப் போன் செய்தான்.

“புகாரத் திரும்ப வாங்கிக்கிறேன்க்கா. எனக்கு வண்டி பெருசில்ல. நான் எதத் திருடினேன்னு மட்டும் அத்தான் சொல்லட்டும்.”

அவன் கேட்டது அந்த ஒன்றுதான். அந்த ஒன்றைத்தான் ஒற்றரால் சொல்ல முடியவில்லை. நோட்டு என்று சொன்னால், நோட்டு எங்கே என்ற கேள்வி வரும். “எல்லாத்தையும் கோர்ட்டுல சொல்லிக்கிறேன்” என்று வீம்பாகப் பேசினார். வெளியே வீம்பு, உள்ளே வெறும் பயம். மனைவி மூன்று தடவை கேட்டாள். நான்காவது தடவை கேட்கவில்லை. அதிலிருந்து வீட்டில் பேச்சு, சாப்பாடு போட்டாச்சு, விளக்கை அணைச்சாச்சு என்ற அளவுக்குச் சுருங்கிப்போனது.

அச்சகத்திலும் அவரால் முகம் நிமிர்த்த முடியவில்லை. “ஒற்றரே, என் ஸ்கூட்டர்ல ஏதாவது பிழை இருந்தா வாயால சொல்லிடுங்க, நானே திருத்திக்கிறேன்” என்றார் மேலாளர். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு, வயதில் மூத்த பைண்டர் மட்டும் தாழ்ந்த குரலில், “உன் மச்சான் அப்படி என்னதான்யா எடுத்தான்?” என்று கேட்டார். ஒற்றர் அச்சுப்படிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். அந்தக் கேள்வியை ஊரில் எத்தனை பேர் எத்தனை பேரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ என்று நினைத்தபோது சாப்பாடு இறங்கவில்லை.

இப்படியே நான்கு மாதம் ஓடி, வழக்கு நாள் வந்தது.

காலையில் மனைவி சட்டையைத் தேய்த்து நாற்காலி முதுகில் போட்டிருந்தாள். துணிப்பையில் சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் வைத்து நீட்டினாள். “நான் தம்பி வண்டியில வந்துக்கறேன்” என்றாள். “நீ எதுக்கு?” என்று கேட்க வாயெடுத்தவர் கேட்காமலே பஸ்ஸுக்கு நடந்தார்.

நீதிமன்ற வளாகத்தில் கூட்டம் நெரிந்தது. தாழ்வாரத்துப் பெஞ்சில் இடமில்லாமல் சுவரோரமாக நின்றார். இலவசச் சட்ட உதவியில் அவருக்குக் கிடைத்த வக்கீல் ஒரு சின்னப் பெண். கறுப்புக் கோட்டு அவளுக்குத் தோளில் நிற்காமல் வழிந்தது. குற்றப்பத்திரிகை நகலை அவர் கையில் கொடுத்து, “ஒரு தடவ படிச்சுப் பாருங்க சார்” என்றாள்.

படிக்கக் கொடுத்தால் அவர் கை சும்மா இருக்குமா? பேனா தானாக வெளியே வந்தது. மூன்று நிமிடத்தில் ஓரத்தில் மூன்று குறி போட்டிருந்தார். ஒன்று, முப்பது நாள் உள்ள மாதத்துக்கு முப்பத்தொன்றாம் தேதி போட்டிருந்தார்கள். இரண்டு, வண்டியின் எண்ணில் எழுபத்துநான்கு நாற்பத்தேழாகியிருந்தது. மூன்று, ‘திருட்டு பயல்’ என்று ஒற்று இல்லாமல் தட்டச்சு செய்திருந்தார்கள்.

வக்கீல் பெண் எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

“சார், நான் ரெண்டு தடவ படிச்சேன், எனக்குத் தெரியவே இல்ல! இந்த நம்பர்ல ஒரு வண்டியே கிடையாது. இந்தத் தேதின்னு ஒரு நாளே கிடையாது. நீங்க எழுதினதா சொல்ற சொல்லும் வேற. இது நிக்காது சார். திருப்பி அனுப்பிடுவாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, போலீஸ் திருத்திக் கொண்டுவரணும். வருஷம் ஆகும். அதுக்குள்ள எல்லாருக்கும் அலுத்துப்போயிடும். உங்க பேர்ல ஒரு கறுப்புப் புள்ளி விழாது. நீங்க வாயத் தொறக்காம நின்னா போதும், மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

ஒற்றருக்கு மூச்சு லேசாகிவிட்டது. பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது. யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். நோட்டு பரணிலேயே கிடக்கட்டும். தனக்கு நிம்மதி வந்துவிட்டதே என்று அவருக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் நிம்மதி நிம்மதிதான்.

“வண்டி?” என்று எதற்கோ கேட்டுவைத்தார்.

“அது சாட்சிப் பொருள் சார். கேஸ் முடியற வரைக்கும் பெயிண்ட் அடிக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அப்படியேதான் நிக்கும்.”

அப்போதுதான் அந்தக் கார் வளாகத்துக்குள் வந்தது. கீறிய நாளுக்குப் பிறகு அவர் அதைப் பார்க்கவே இல்லை. பின் ஜன்னலில் ஒரு பச்சைத் துண்டு. அதன் ஒரு முனையைக் கண்ணாடிக்குள் கொடுத்து இறுக்கி, மீதியைக் கதவின் மேல் தொங்கவிட்டிருந்தான் மைத்துனன். வெயிலில் துண்டு வெளுத்து, கண்ணாடி கடித்த இடம் நைந்திருந்தது. நான்கு மாதமாக அந்தத் துண்டோடுதான் ஓட்டுகிறான். ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களை அதே வண்டியில்தான் உட்கார வைக்கிறான். காற்று வேகமாக அடித்தால் துண்டு தூக்கும். தூக்கினால் பின்னால் வருகிறவன் படிப்பான். இன்னும் ஒரு வருடம் என்று வக்கீல் பெண் சொன்னது அவர் காதில் மறுபடி கேட்டது.

கார் நின்றது. மனைவி இறங்கினாள். மைத்துனன் இறங்கி, முதல் வேலையாகத் துண்டை இழுத்துச் சரிசெய்தான். பல் தேய்ப்பது மாதிரி பழகிப்போன வேலையாக அதைச் செய்தான். பிறகு சட்டைப் பையில் இருந்த எதையோ தொட்டுப் பார்த்துக்கொண்டான். தாழ்வாரத்துக்கு வந்து எதிர்ச்சுவர் ஓரமாக நின்ற பிறகும் இரண்டு மூன்று தடவை பையைத் தொட்டான். அத்தானின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒற்றருக்கு நாக்கு வறண்டது. தண்ணீர் குடிக்கலாம் என்று துணிப்பைக்குள் கையை விட்டார். பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் நடுவில் தடிமனாக ஏதோ தட்டுப்பட்டது. பையை விரித்துப் பார்த்தார்.

தப்பு நோட்டு.

தலை தூக்கிப் பார்த்தார். தாழ்வாரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. பார்த்தீங்களா என்பதுபோல ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நின்ற இடம் பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது ஒற்றருக்கு. அதற்குள் வழக்கு எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். பையோடு போய்க் கூண்டில் ஏறினார்.

நீதிபதிக்கு ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே தலையசைத்தார். எழுத்தர் எழுந்து குற்றப்பத்திரிகையை ஒரே மூச்சில் வாசித்தார். “திருட்டு பயல்” என்ற இடம் வந்ததும் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒற்றர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே, மைத்துனன் தலை குனிந்திருப்பான் என்று தெரிந்தது.

வக்கீல் பெண் கோட்டைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். “ஐயா, குற்றப்பத்திரிகையில அடிப்படையான சில குறைபாடுகள்...”

“நான் சொல்றேம்மா” என்றார் ஒற்றர்.

அவள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். நீதிபதி கைக்குட்டையை இறக்கினார்.

“என்ன சொல்லணும்? குற்றப்பத்திரிகையப் படிச்சீங்களா?”

“படிச்சேன் ஐயா. நாலு பிழை இருக்கு.”

இந்தத் தடவை எழுத்தரே சிரித்துவிட்டார். ஒற்றர் தன் கையில் இருந்த நகலை நீட்டினார். அது கை மாறி மேலே போனது. நீதிபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“தேதி. வண்டி நம்பர். இது என்ன, ப்?”

“விட்டுப்போச்சு ஐயா. நான் எழுதினதுல இருக்கு. திரும்பிப் போய் எழுதிட்டு வந்தேன்.”

“அதான் படத்துல பாத்தேனே” என்றார் நீதிபதி சிரிக்காமல். “மூணுதான் இருக்கு. நாலாவது எங்க?”

“அது உங்க ஆளுங்க செஞ்சது இல்ல ஐயா. நான் செஞ்சது. அந்தத் தாளக் கொஞ்சம் குடுங்க.”

தாள் திரும்பி வந்தது. கூண்டின் கட்டை மேல் அதை வைத்துக்கொண்டு, ‘திருட்டு பயல்’ என்ற இரண்டு சொல்லின் மேலும் நீளமாக ஒரு கோடு இழுத்தார். கோட்டின் முடிவில் சுருட்டி ஒரு வளையம் போட்டார். அச்சகத்தில் அந்த வளையத்துக்கு, இதை எடுத்துவிடு என்று பொருள். முப்பத்தொரு வருடத்தில் லட்சம் தடவை போட்ட குறி. அன்றைக்கு அந்த வளையம் கோணிக்கொண்டது.

“சொல்லே பிழை ஐயா” என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னார். “ஒற்று சரியா இருக்கான்னு பாத்தேன். சொல்லு சரியான்னு பாக்கல. அவன் எதையும் எடுக்கல. என்னோட நோட்டு ஒண்ணு காணாமப் போச்சு. இவன்தான் எடுத்திருப்பான்னு நெனச்சு இந்த வேலையப் பண்ணினேன். அது என் பெட்டியிலதான் இருந்துச்சு. நான்தான் வச்சிருக்கேன். மூணாவது நாளே கிடைச்சிடுச்சு.”

“மூணாவது நாளா?”

“ஆமாய்யா.”

“இன்னையோட நாலு மாசம் ஆகுது.”

“ஆமாய்யா. வெக்கமா இருந்துச்சு. சொல்லல.” பையிலிருந்து நோட்டை எடுத்து வெளியே நீட்டினார். யாரும் அதைக் கேட்கவில்லை. வாங்கிக்கொள்ளவும் யாரும் வரவில்லை. நீட்டிய கையோடு கொஞ்ச நேரம் நின்றார்.

வக்கீல் பெண் மெதுவாக உட்கார்ந்தாள். நீதிபதி மூக்கைச் சிந்தி, கைக்குட்டையை நான்காக மடித்தார்.

“உங்கள மாதிரி படிச்சவங்க கேஸுதான் எனக்கு ரொம்ப அலுப்பு. ஒரு நிமிஷத்துல சொல்ல வேண்டியத நாலு மாசம் இழுத்துட்டு வர்றீங்க.” மைத்துனன் பக்கம் திரும்பினார். “நீங்க ஏதாவது சொல்லணுமா?”

மைத்துனன் எழுந்தான். நிம்மதி அடைந்தவன் முகம்போல அது இல்லை. ஏதோ கணக்கு இடித்தவன்போலக் குழம்பி நின்றான். கை சட்டைப் பையின் மேலேயே இருந்தது. “ஒண்ணும் இல்லைங்கய்யா” என்றான். “நோட்டா?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவு செய்தார்கள். அபராதம், வண்டியைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும், ஆறு மாதத்துக்கு நன்னடத்தை. அன்றைய தேதியிலேயே தாளைத் திருத்தி, வண்டிக்குப் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டார் நீதிபதி. எழுத்தர் பதிவேட்டில் பெயரை எழுதும்போது ஒற்றர் எட்டிப் பார்த்தார். அதில் பிழை இல்லை.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. மனைவி கார்ப் பக்கத்தில் நின்றாள். ஒற்றர் அவளிடம் போனார்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“நீங்க பரண்ல ஏத்தின மறுநாளே. கந்தல் துணிக்கு யாராவது மூணு சுத்து டேப் ஒட்டுவாங்களா?”

“ஏன் சொல்லல?”

“நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்” என்றாள். “தினம் காலையில, இன்னைக்குச் சொல்லிடுவாருன்னு நெனைப்பேன்.”

ஒற்றர் நோட்டைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். மைத்துனன் பக்கம் திரும்பினார். அவனைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். அவன் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அவனுடைய கட்டுரைகளைத் திருத்தியவர். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தபோது ஒரு சொல்லும் ஒழுங்காக வரவில்லை.

“நான்... உன்னப் போய்... அந்தக் கதவு...”

“அத்தான், ஒரு நிமிஷம்” என்றான் அவன். சட்டைப் பைக்குள் கையை விட்டு எதையோ எடுத்து நீட்டினான்.

ஒரு பேனா. பச்சை உடம்பு, தங்க நிறக் கொக்கி. கொக்கியில் நிறம் உரிந்திருந்தது.

“என்ன இது?”

“உங்களோடதுதான். உங்க கல்யாணத்தன்னைக்கு உங்க சட்டையில இருந்து எடுத்துட்டேன். எனக்கு அப்ப ஒன்பது வயசு. பளபளன்னு இருந்துச்சு. திருப்பி வைக்கலாம்னு பாத்தேன், அதுக்குள்ள நீங்க சட்டைய மாத்திட்டீங்க. அப்புறம் பயம். பேனாவ என் பழைய பெட்டியிலயே போட்டு வச்சிருந்தேன்.” தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “நாலு மாசமா யோசிச்சேன் அத்தான். என்னத்த எடுத்தேன், என்னத்த எடுத்தேன்னு. ஒவ்வொரு நாளாத் திருப்பிப் பாத்தேன். வேற ஒண்ணும் தட்டுப்படல. இதத்தான் சொல்றீங்க போலன்னு முடிவு பண்ணிட்டேன். உங்க வாயால சொன்னதும் குடுத்துடலாம்னு கொண்டுவந்தேன். நீங்க நோட்டுன்னு சொல்லிட்டீங்க.”

அந்தப் பேனா தொலைந்ததே ஒற்றருக்கு ஞாபகமில்லை. அப்படி ஒரு பேனா இருந்ததே ஞாபகமில்லை. இவன் நான்கு மாதமாகத் தன்னையே சோதனை போட்டிருக்கிறான். ஒரு குற்றமும் கிடைக்காமல், இருபத்தொன்பது வருடத்துக்கு முந்தைய ஒன்றைத் தேடிப் பிடித்து, தான் திருடன்தான் என்று ஒப்புக்கொண்டு, சாமானையும் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வந்திருக்கிறான். புகார் கொடுத்தவன் அவன்.

ஒற்றர் பேனாவை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டவருக்கு உதடு கோணியது. பிறகு தோள் குலுங்கியது. வளாகத்தில் அத்தனை பேர் பார்க்க, கையில் நோட்டும் பேனாவுமாக நின்று அழுதார். துடைக்கக் கை காலியாக இல்லை. மைத்துனன் அங்கும் இங்கும் பார்த்தான். அவன் கைக்கு எட்டியது துண்டு ஒன்றுதான். ஜன்னல் கண்ணாடியை இறக்கி, துண்டை உருவி அவரிடம் கொடுத்தான்.

“தொடைங்க அத்தான். எல்லாரும் பாக்கறாங்க.”

துண்டில் வெயில் வாசனையும் தூசி வாசனையும் அடித்தது. அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். எடுத்தபோது எதிரே கதவு. வெள்ளைப் பெயிண்டைத் தாண்டித் தகரம் வரை இறங்கிய கீறல், அதில் துருகூட ஏறத் தொடங்கியிருந்தது. திருட்டு, நடுவில் கூரை போட்ட ப், பயல். எழுத்து ஒவ்வொன்றும் அழகாக இருந்தது.

“ஏறுங்க. வீட்டுக்குப் போகலாம்” என்றாள் மனைவி. அவள் முன்னால் தம்பி பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அவருக்கு அந்தப் பின்கதவுதான் மிச்சம். திறந்து, ஏறி, சாத்திக்கொண்டார். துண்டு மடியிலேயே இருந்தது.

முதல் சிக்னலில் கார் நின்றது. பக்கத்தில் ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண் கதவைப் படித்தாள். படித்துவிட்டு, இயல்பாகக் கண்ணை உயர்த்தி, ஜன்னலில் யார் என்று பார்த்தாள். ஒற்றரைப் பார்த்தாள். அவர் பேனா செருகிய சட்டைப் பையைப் பார்த்தாள். விளக்கு மாறியதும் போய்விட்டாள்.

இரண்டாவது சிக்னலில் ஒரு பள்ளிப் பேருந்து. மேலே ஜன்னலில் நாலைந்து தலைகள். “திருட்டுப் பயல்!” என்று ஒரு குரல் படித்தது. ப்-ஐ அழுத்தமாக, சரியாகப் படித்தது. எல்லாத் தலையும் அவர் முகத்தைத் தேடித் திரும்பியது.

மைத்துனன் கண்ணாடியில் அவரைப் பார்த்தான். “அத்தான், அந்தத் துண்டக் குடுங்க, மாட்டிடறேன்.”

“வேண்டாம்ப்பா” என்றார் ஒற்றர். “இருக்கட்டும்.”

துண்டை மடித்து நோட்டின் மேல் வைத்துக்கொண்டார். முகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை, ஜன்னலை ஏற்றவும் இல்லை. வீடு வர இன்னும் ஏழு சிக்னல் இருந்தது.